வேலை செய்தவர் நால்வர், எழுதியவர் மூவர்

சென்ற ஆண்டு ஏப்ரலில் என் அண்ணன் மகள் தன் இறுதியாண்டு புராஜெக்ட் அறிக்கையைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தாள். கணினிப் பொறியியல் படித்தவள். நீல ரெக்சின் அட்டை, மேலே பொன்னிற எழுத்து. அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பாள், ஆங்கிலம் தெரியாது. அறிக்கை முழுக்க ஆங்கிலம். இருந்தாலும் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். கட்டம் போட்ட படங்கள் வந்த இடங்களில் மட்டும் நிறுத்தி, விரலால் வரிசையைத் தொட்டுக்கொண்டே போனாள்.

"முன்னாடி பேரு போட்டிருக்கே, யாரு யாரு?" என்று கேட்டாள்.

"நானு, என்கூட செஞ்ச ரெண்டு பேரு, எங்க கைடு, எச்.ஓ.டி."

"ம்."

"உன்னையும் போட்டிருக்கேன் ஆயா. நன்றி சொல்ற பக்கத்துல. இதோ பாரு, 'என் பாட்டிக்கும்'னு இருக்கு."

"பாட்டின்னா எந்தப் பாட்டி? உனக்கு ரெண்டு பேரு இருக்கோமே."

எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள். அவள் குறை சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆனால் சிரித்து முடித்த பிறகும் அந்தக் கேள்வி அந்தத் திண்ணையிலேயே இருந்தது. அதற்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

அந்த அறிக்கையில் என்ன இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆரணிக்காரர்களுக்கு இரண்டு சத்தங்கள் பழக்கம். ஒன்று அரிசி ஆலை, மற்றது தறி. எங்கள் வீட்டில் ஒரு குழித்தறி இருந்தது. அப்பா நெய்தார். அம்மா பகலில் இராட்டையில் தார் சுற்றினாள். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு அட்டை குத்தினாள். ஜக்கார்டுப் பெட்டியில் மாட்டும் அட்டை. டிசைன் தாளில் ஒவ்வொரு வரிசையாகக் கட்டங்களை வாசித்து, நிறம் தீட்டிய கட்டத்துக்கு ஓட்டை, வெற்றுக் கட்டத்துக்கு ஒன்றுமில்லை என்று குத்த வேண்டும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. ஓட்டை இருக்கும் இடத்தில் கொக்கி மேலே போகும், அதோடு பாவிழை எழும்பும். ஓர் ஓட்டை தவறினால் மயிலின் கழுத்தில் ஒரு புள்ளி காணாமல் போகும். சேலை முழுக்க அந்த மயில் வரும் இடத்திலெல்லாம் காணாமல் போகும்.

அண்ணன் மகளின் புராஜெக்ட் இதைத்தான் கணினியிடம் கொடுத்தது. பழைய சேலையின் கரையைப் படமெடுத்துக் கொடுத்தால், புரோகிராம் அதைக் கட்டங்களாகப் பிரித்து, எந்த இழை எழும்ப வேண்டும், எது படுக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிவிடும். முதல் மாதத்திலேயே திரையில் அழகான மயில் வந்துவிட்டது. அதை அச்செடுத்து அம்மாவிடம் காட்டினாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"படமா நல்லாத்தான் இருக்கு. நெய்தா தொங்கும்."

மயிலின் உடம்பு முழுக்க ஜரிகை ஒரே ஓட்டமாக ஓடியது. கீழே எங்கும் கட்டுப்படவில்லை. பத்து இழைக்கு மேல் கட்டில்லாமல் போனால் வளையலில் மாட்டி இழுத்துக்கொள்ளும், நடுவில் ஒரு புள்ளி வைத்துக் கட்ட வேண்டும் என்றாள். அடுத்த வாரம் புள்ளி வைத்துக் கொண்டுவந்தாள் இவள். "புள்ளியெல்லாம் நேரா வச்சிக்கினு வந்திருக்கியே, கோடு விழுமே. தள்ளித் தள்ளி வை" என்றாள் அம்மா. அதற்கடுத்த வாரம் மாங்காய் நீண்டு வெள்ளரிக்காய்போல் வந்தது. பாவில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை, ஊடையில் எத்தனை இழை என்று பார்த்துத்தான் கட்டத்தின் நீள அகலத்தை முடிவு செய்ய வேண்டும், எல்லாக் கட்டமும் சதுரம் இல்லை என்று அம்மா விளக்கினாள். இப்படி ஆறு வாரம் போனது. அம்மா சொன்ன மூன்றும் மூன்று விதிகளாகப் புரோகிராமுக்குள் போயின. அந்த மூன்று விதிகள்தான் படம் காட்டும் புரோகிராமைச் சேலை நெய்யும் புரோகிராமாக மாற்றின. வாய்மொழித் தேர்வில் எல்லோரும் பாராட்டியதும் அந்தப் பகுதியைத்தானாம்.

அறிக்கையின் மூன்றாம் அத்தியாயத்தில் அந்த விதிகள் இருக்கின்றன. 'நெசவுக் கட்டுப்பாடுகள் கண்டறியப்பட்டன' என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியத்தோடு அது தொடங்குகிறது. நான் இலக்கணம் நடத்துகிறவள். செயப்பாட்டு வினையில் செய்தவரைக் காட்டுவது மூன்றாம் வேற்றுமை உருபு. யாரால் கண்டறியப்பட்டன என்று சொல்லும் அந்த 'ஆல்' மட்டும் வாக்கியத்தில் இல்லை. வாக்கியம் பிழையில்லாதது. ஆய்வுலகம் நமக்குக் கற்றுக்கொடுக்கும் நடையே இதுதான். 'நான்' என்று எழுதாதே, 'அவர்' என்றும் எழுதாதே, அறிவு தானாக விளைந்ததுபோல் எழுது.

அப்படியானால் என் கேள்வி இது. ஒருவருக்கு நன்றி சொல்வதும் அவருடைய வேலையைக் கணக்கில் சேர்ப்பதும் ஒன்றுதானா?

*

கணினிவழிப் பொறியியல் என்றால் என்ன என்று அவளிடமே கேட்டேன். ஒரு பாலம் எவ்வளவு பாரம் தாங்கும், விமான இறக்கையின் மேல் காற்று எப்படி ஓடும் என்பதற்கெல்லாம் சமன்பாடுகள் உண்டு. ஆனால் முழுப் பாலத்துக்கும் அவற்றை ஒரே மூச்சில் தீர்க்க முடியாது. அதனால் பாலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எளிய கணக்கு. ஒரு கட்டத்தின் விளிம்பு பக்கத்துக் கட்டத்தின் விளிம்போடு ஒத்துப்போக வேண்டும். இப்படி லட்சக்கணக்கான கணக்குகளைக் கணினி சேர்த்துச் செய்கிறது. கட்டம் சிறிதாகச் சிறிதாக விடை உண்மைக்கு நெருங்கும், வேலையும் கூடும். "நம்ம டிசைன் தாள் மாதிரிதான் அத்தை" என்றாள்.

இந்த ஒப்புமை அவளாகக் கண்டுபிடித்தது. ஆனால் வரலாற்றிலும் அந்தத் தொடர்பு உண்டு. பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் மேரி ஜக்கார்டு அட்டையால் இயங்கும் தறிக்கருவியை 1804இல் உருவாக்கினார். அதற்கு முன் பூ வேலைப்பாடுள்ள பட்டு நெய்ய, நெசவாளரோடு இன்னொருவர் இருந்து கயிறுகளை வரிசை தவறாமல் இழுத்துக்கொடுக்க வேண்டும். சிறுவர்களும் பெண்களும் செய்த வேலை அது. நம் பக்கத்திலும் அடை கட்டி நெய்த காலத்தில் தூக்கிவிட ஒரு துணையாள் வேண்டியிருந்தது. ஜக்கார்டின் அட்டை அந்தத் துணையாளின் நினைவை வாங்கிக்கொண்டது. எந்த வரிசைக்குப் பின் எந்த வரிசை என்று ஒரு சிறுமி மனத்தில் வைத்திருந்தது ஓட்டைகளாக மாறியது. அவள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

1839இல் ஜக்கார்டின் உருவப்படத்தையே அவர் கருவியில் பட்டில் நெய்தார்கள். ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அதில் ஒரு படம் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் வீட்டில் இருந்தது. அட்டையால் ஒரு பூவை நெய்யலாம் என்றால் அட்டையால் ஒரு கணக்கையும் செய்யலாம் என்று பாபேஜ் தன் பகுப்பாய்வு எந்திரத்தைத் திட்டமிட்டார். அந்த எந்திரம் எண்களோடு நிற்காது, குறியீடுகளால் சொல்லக்கூடிய எதையும் கையாளும் என்று 1843இல் விரிவான குறிப்புகள் எழுதியவர் ஏடா லவ்லேஸ். அவர் மொழிபெயர்த்த கட்டுரையைவிட அவர் சேர்த்த குறிப்புகள் பல மடங்கு நீளம். அவற்றின் கீழே முழுப் பெயர் இல்லை. ஏ.ஏ.எல். என்ற முதலெழுத்துகள் மட்டும் இருந்தன.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதிவரை 'கம்ப்யூட்டர்' என்ற ஆங்கிலச் சொல் ஓர் ஆளைக் குறித்தது. உட்கார்ந்து கணக்குப் போடும் ஆள். அவர்களில் ஏராளமானோர் பெண்கள். 1946 பிப்ரவரியில் அமெரிக்காவில் எனியாக் கணினி உலகுக்குக் காட்டப்பட்டபோது, பீரங்கிக் குண்டின் பாதையைக் கணக்கிட அதை ஆயத்தம் செய்தவர்கள் ஆறு பெண்கள். கே மக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃப்ரான் பைலஸ், ரூத் லிக்டர்மன். புகைப்படங்களில் எந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறார்கள், கீழே பெயர் இல்லை. எந்திரத்தை அழகாகக் காட்ட நிற்கவைத்த விளம்பரப் பெண்கள் என்று பின்னாளில் சிலர் நினைத்துக்கொண்டார்கள்.

இவை பெண்ணிய வாசிப்பில் அடிக்கடி வரும் பெயர்கள். என் கேள்விக்கு இன்னும் நெருக்கமான பெயர் ஒன்று உண்டு, மேரி சிங்கு. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் 1950களில் வேலை செய்தவர். என்ரிக்கோ ஃபெர்மி, ஜான் பாஸ்டா, ஸ்டானிஸ்லா உலாம் ஆகிய மூவரும் ஒரு சோதனையைத் திட்டமிட்டார்கள். அது குழாயும் குடுவையும் இல்லாத சோதனை. ஒரு கம்பியைப் பல துகள்கள் கோத்த சரமாகக் கற்பனை செய்து, அதை அதிரவிட்டால் ஆற்றல் எப்படிப் பரவும் என்று மேனியாக் என்ற கணினியில் பார்ப்பது. ஆற்றல் எல்லா அதிர்வுகளுக்கும் சமமாகப் பங்கிடப்படும் என்று எதிர்பார்த்தார்கள். அப்படி நடக்கவில்லை. சிறிது நேரத்தில் ஆற்றல் ஏறக்குறைய தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தது. கணினியையே ஆய்வுக்கூடமாக்கும் முறையின் தொடக்கங்களில் ஒன்றாக இன்று இதைச் சொல்கிறார்கள்.

அந்தக் கணக்கை எந்திரத்துக்குப் புரியும் மொழியில் எழுதி ஓடவிட்டவர் மேரி சிங்கு. 1955இல் வந்த அறிக்கையின் முகப்பில் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. வேலை செய்தவர்கள் என்ற பட்டியலில் நான்கு பெயர்கள், மேரி சிங்குவும் உண்டு. அறிக்கை எழுதியவர்கள் என்ற பட்டியலில் மூன்று பெயர்கள், அவர் இல்லை. உள்ளே ஓர் அடிக்குறிப்பில் அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். உலகம் எழுதியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் மூன்று பெயர்களின் முதலெழுத்துகளால்தான் அந்தச் சோதனை அழைக்கப்பட்டது. 2008இல் பிரெஞ்சு இயற்பியலாளர் தியெரி டோஷுவா ஒரு கட்டுரை எழுதி நான்காவது எழுத்தையும் சேர்க்கச் சொன்ன பிறகு, பலர் அப்படி அழைக்கத் தொடங்கினார்கள்.

அந்த மூவரும் மேரி சிங்குவுக்கு நன்றி கெட்டவர்களாக நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நன்றியை முறைப்படி, பெயரோடு, அச்சில் சொன்னார்கள். அது போதவில்லை. நன்றி ஒரு மனிதரை நோக்கிச் சொல்லப்படுவது. 'நீ எனக்கு உதவினாய்' என்கிறது. அதைச் சொன்ன கணத்தில் வேலை என்னுடையது, நீ வெளியிலிருந்து கை கொடுத்தாய் என்று எல்லை வகுத்தாகிவிட்டது. ஆசிரியர் பட்டியலோ வேலையை நோக்கிச் சொல்லப்படுவது. 'இது இவர்களால் ஆனது' என்கிறது. முன்னது அன்பைச் சேர்ந்தது, பின்னது கணக்கைச் சேர்ந்தது. பெண்களுக்கு உலகம் முன்னதைத் தாராளமாகக் கொடுத்துப் பின்னதில் கஞ்சத்தனம் காட்டியிருக்கிறது. சமையலறையிலும் இதுதான் நடக்கிறது. அம்மாவின் கைமணத்தைப் புகழாத பிள்ளை இல்லை. அந்தக் கைக்கு எத்தனை மணி நேர வேலை என்று எழுதிவைத்த வீடும் இல்லை.

இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு வேலையை இரண்டாகப் பிரிக்கிறது. நெசவாளர் ஒரு பிரிவு, துணைத் தொழிலாளர் இன்னொரு பிரிவு. 2019-20 கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துக்கும் அதிகமான கைத்தறித் தொழிலாளர்கள். நூறு பேரில் எழுபதுக்கும் மேல் பெண்கள். தார் சுற்றுவது, பாவு போடுவது, இழை இணைப்பது எல்லாம் துணைத் தொழில். நம் மொழியில் மனைவிக்கும் துணை என்றுதான் பெயர். எங்கள் வீட்டுக் கூட்டுறவுச் சங்கப் புத்தகத்தில் அப்பாவின் பெயர் மட்டும் இருந்தது. கூலியும் போனஸும் அந்தப் பெயரில் வந்தன. இரண்டு பேர் வேலைக்கு ஒரு வரி. அம்மா தார் சுற்றித் தராத நாளில் அப்பாவின் தறி ஓடாது என்பது ஊருக்கே தெரியும், புத்தகத்துக்குத் தெரியாது.

*

பெண்கள் பொறியியல் படிக்க வந்துவிட்டால் இது தானாகச் சரியாகும் என்று நானும் நம்பியிருந்தேன். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது கிண்டிப் பொறியியல் கல்லூரி. அங்கே முதன்முதலாகப் பெண்கள் 1940இல்தான் சேர்ந்தார்கள். ஏ. லலிதா, பி.கே. திரேசியா, லீலம்மா ஜார்ஜ் என்ற மூவர். லலிதா பதினெட்டு வயதில் கணவனை இழந்தவர், கையில் ஒரு பெண் குழந்தை. மின்பொறியியல் படித்து 1943இல் பட்டம் பெற்றார். பட்டச் சான்றிதழ் படிவத்தில் 'அவன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்தான் அச்சாகியிருந்தது. அதைப் பேனாவால் அடித்துவிட்டு 'அவள்' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தப் பேனாக் கோட்டை நான் மதிக்கிறேன். அதனால்தான் இன்று ஆரணிக்கு அருகே தச்சூரில் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிக்குத் தறிக்காரர் வீட்டுப் பெண்களும் பேருந்தில் போய் வர முடிகிறது. ஐ.ஐ.டி.களில் 2018 முதல் பெண்களுக்கெனக் கூடுதல் இடங்கள் ஒதுக்கப்பட்டன. அண்ணன் மகள் பெயர் அறிக்கை முகப்பில் பொன்னெழுத்தில் வந்ததும் அந்த வழியில்தான். ஆனால் படிவத்தில் 'அவன்' என்பது 'அவள்' ஆனதே தவிர, படிவத்தின் கட்டங்கள் மாறவில்லை. அறிவைக் கொடுப்பவருக்கு ஒரு கட்டம், பெறுபவருக்கு ஒரு கட்டம், உதவியவருக்கு ஒரு மூலை. அந்தப் படிவத்தை இம்முறை நிரப்பியது எங்கள் வீட்டுப் பெண்ணேதான். தன் ஆயாவைத் தானே மூலையில் எழுதினாள். அவளுக்குக் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதனால்தான் இதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது.

மூன்று மறுப்புகள் என் மனத்திலேயே எழுந்தன.

முதலாவது, அறிவு பொதுச்சொத்து. ஜரிகையைப் புள்ளி வைத்துக் கட்டும் விதியை அம்மாவா கண்டுபிடித்தாள்? அவளுக்கு முன் நூறு கைகள் அறிந்த விதி. எல்லோரையும் பட்டியலிட்டால் எந்த அறிக்கையும் முடியாது. இது பாதி உண்மை. ஜக்கார்டுக்கு முன்பே பூஷோன், ஃபால்கோன், வோகான்சோன் ஆகியோர் துளையிட்ட தாளையும் அட்டையையும் தறியில் பயன்படுத்தியவர்கள். ஆனாலும் கருவிக்கு ஜக்கார்டின் பெயர் இருப்பதில் யாருக்கும் உறுத்தலில்லை. மரபறிவு பொது என்ற வாதம் கல்லூரிக்குள் இருப்பவர்களுக்குப் பொருந்தாமல், வெளியில் இருப்பவர்களுக்கு மட்டும் பொருந்துகிறது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அது ஊரின் பெயரைக் காக்கும். ஆட்களின் பெயரைக் காப்பது அதன் வேலையில்லை.

இரண்டாவது, எந்திரம் வந்ததே பெண்ணுக்கு நல்லதுதானே? அட்டை குத்தி அம்மாவின் வலது கட்டைவிரல் இன்றும் முழுதாக மடங்காது. "அந்த வேலை போனதே நல்லது, யாரும் இனிமே குத்த வேணாம்" என்பாள். இதை நான் மறுக்க மாட்டேன். கைவேலையை அழகு என்று கொண்டாடுகிறவர்கள் பெரும்பாலும் அதைச் செய்யாதவர்கள். தெலங்கானாவின் ஆலேரைச் சேர்ந்த சிந்தகிந்தி மல்லேசம் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். போச்சம்பள்ளிச் சேலைக்கு ஆசு போடும்போது அவர் தாய் லட்சுமியின் கை ஒரு சேலைக்கு ஒன்பதாயிரம் முறை போய்வர வேண்டியிருந்தது. தோள் வலியைப் பார்த்துப் பொறுக்காமல் பல ஆண்டு முயன்று 1999இல் ஆசு எந்திரத்தை முடித்தார். அதற்குத் தாயின் பெயரையே வைத்தார். 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. எனக்கு அதில் பெயர் வைத்ததைவிடப் பெரிதாகத் தெரிவது, ஒன்பதாயிரம் என்ற எண். யாரோ அதை எண்ணியிருக்கிறார்கள். எண்ணியதால்தான் அது வீட்டுப் பெண்ணின் வழக்கமாக இல்லாமல், தீர்க்க வேண்டிய பொறியியல் சிக்கலாக மாறியது. வேலையை மிச்சப்படுத்தும் எந்திரமும் வேலை செய்தவரைக் கணக்கில் சேர்க்கும் நேர்மையும் ஒன்றுக்கொன்று பகை இல்லை.

மூன்றாவது மறுப்பு அம்மாவிடமிருந்தே வரும். "எனக்கு எதுக்குடி பேரு? பேத்தி பேரு வந்தா என் பேரு வந்த மாதிரிதான்." இதை எப்படி எடுத்துக்கொள்வது? அம்மாவுக்குத் தன் நலம் தெரியவில்லை என்று நான் சொன்னால் அவளை மறுபடியும் சிறுமியாக்குகிறேன். அவளே வேண்டாம் என்றுவிட்டாள் என்று ஒதுங்கினால், என் வசதிக்கு அவளுடைய பெருந்தன்மையைப் பயன்படுத்திக்கொள்கிறேன். வேண்டாம் என்பதற்கும் கேட்கப்படவேயில்லை என்பதற்கும் வித்தியாசம் உண்டு. எழுபத்தாறு ஆண்டுகளில் அம்மாவிடம் யாரும் 'இந்த வேலையில் உன் பெயரைப் போடலாமா?' என்று கேட்டதில்லை. கேட்காத கேள்விக்கு அவள் தன் இயல்பால் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். தவிர, பெயர் போடுவது அவளுக்கான பரிசு மட்டும் இல்லை. அது உண்மை. புரோகிராமின் விதி எங்கிருந்து வந்தது என்று அறிக்கை சொல்லவில்லை என்றால் அது அறிவியலாகவே குறைபட்டது. அந்த விதியில் சந்தேகம் வரும் அடுத்த மாணவி யாரிடம் போய்க் கேட்பாள்?

*

இதையெல்லாம் அண்ணன் மகளிடம் சொல்லத் தொடங்குமுன் என் அலமாரியிலிருந்து என் முனைவர் பட்ட ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். சங்க இலக்கியத்தில் பெண்களின் உழைப்பு பற்றியது. துணையற்ற பெண்கள் நூல் நூற்றுப் பிழைத்ததை எழுதியிருக்கிறேன். பனுவல் என்ற சொல் பஞ்சையும் இழையையும் செய்யுளையும் குறிப்பதைப் பத்துப் பக்கம் எழுதியிருக்கிறேன். நன்னூலார் புலவனை நூல் நூற்கும் பெண்ணுக்கு ஒப்பிடுவதையும் எழுதியிருக்கிறேன். உவமையில் அவள் கை இருக்கிறது, ஆனால் நூலின் ஆசிரியர் புலவன்தான் என்று அன்றே ஒரு வரி எழுதிப் பெருமைப்பட்டுக்கொண்டது நினைவிருக்கிறது.

முன்னுரையில் நெறியாளருக்கு ஒரு பத்தி. நூலகர்களுக்கு இரண்டு வரி. தட்டச்சு செய்து கொடுத்தவருக்குப் பெயரோடு நன்றி. கணவருக்கு ஒரு வரி. 'என்னைப் படிக்கவைத்த பெற்றோருக்கு' என்று அரை வரி. அந்த ஆய்வு முடியும்வரை அம்மா தார் சுற்றினாள். கதிரில் இழை எப்படி ஏறும், எப்போது அறும், அறுந்ததை விரல் எப்படி உணரும் என்று நான் எழுதிய பத்தியில் நூல்களை மேற்கோள் காட்டியிருக்கிறேன். அந்தப் பத்தியை நான் எந்த நூலிலிருந்தும் அறியவில்லை. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அறிந்தேன். அறிந்ததற்குச் சான்று வேண்டும் என்பதால் நூல்களைத் தேடிப்பிடித்தேன். அம்மா சான்றாக மாட்டாள் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எப்படியோ எனக்கே தெரிந்திருந்தது.

ஆகவே அவளிடம் உபதேசம் செய்யும் தகுதி எனக்கில்லை. என் ஆய்வேட்டின் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். வாசித்துவிட்டு, "அத்தை, நீங்களுமா?" என்றாள்.

பிறகு இருவரும் சேர்ந்து ஓர் அளவுகோலை யோசித்தோம். இவர் இல்லையென்றால் வேலை தாமதமாகியிருக்குமா, அல்லது வேறாகியிருக்குமா? தாமதம் மட்டும் என்றால் அது உதவி, அதற்கு நன்றியுரை போதும். டீ போட்டுக் கொடுத்தவர், பைண்டிங் செய்தவர், பேருந்துக்குக் காசு கொடுத்தவர். வேலையே வேறாகியிருக்கும் என்றால் அவர் வேலைக்குள் இருக்கிறார். அவர் இடம் நன்றியுரை இல்லை, முறையியல் அத்தியாயம். பெயர், அவர் என்ன அறிந்திருந்தார், எப்படி அறிந்தார், அவர் சொன்னது எங்கே பயன்பட்டது என்று எழுத வேண்டும். நாளை அந்தப் புரோகிராம் விற்கப்பட்டால் பங்கு கேட்கும் உரிமையும் அங்கிருந்துதான் தொடங்கும். எழுத்தில் இல்லாதவருக்குப் பங்கு கிடைத்ததாக வரலாறில்லை.

இந்த அளவுகோலிலும் ஓட்டை உண்டு. டீயும் காசும் இல்லாமல் எந்த வேலையும் நடக்காது என்பது பெண்ணியத்தின் முதல் பாடம். அம்மாவுக்கு வந்த பட்டிழையும் எங்கோ கொதிநீரில் கூட்டைப் போட்டு நூலெடுத்த பெண்களின் வெந்த விரல்களிலிருந்து வந்ததுதான். அவர்களை அம்மாவும் அறியமாட்டாள். கணக்கு ஒரு கையோடு முடிவதில்லை. முடிவதில்லை என்பதற்காகத் தொடங்காமலும் இருக்க முடியாது. மாணவிகள் இதை வாசித்தால் உங்கள் அறிக்கையைத் திறந்து, செயப்பாட்டு வினை வரும் இடத்திலெல்லாம் 'யாரால்?' என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். எத்தனை இடத்தில் பதில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது என்று தெரியும்.

அறிக்கையின் ஒரு படி துறை நூலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. அதற்குள் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பக்கம் சேர்த்துக்கொள்ள அவள் நெறியாளர் ஒப்புக்கொண்டார். அன்று மாலை லேப்டாப்போடு அம்மாவின் எதிரில் உட்கார்ந்தாள். பெயரைப் போடலாமா என்று முறையாகக் கேட்டாள். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "முழுப் பேரையும் போடு, எங்கப்பா வச்ச மாதிரி" என்றாள். ரேஷன் அட்டையில் சுருங்கிப்போயிருந்த பெயர் அது.

நானும் கேட்டேன், இந்தக் கட்டுரையில் பெயரைப் போடட்டுமா என்று. "வேணாம். அவ ரிப்போர்ட்டுல போடட்டும், அது வேலை. உன் பொஸ்தகத்துல வேணாம், அது கதை" என்றுவிட்டாள். அதனால்தான் இங்கே அவள் அம்மாவாக மட்டும் இருக்கிறாள். பெயருக்கும் இடம் உண்டு என்பதை எனக்குமுன் அவள் தெரிந்துவைத்திருந்தாள்.

அண்ணன் மகள் தட்டச்சு செய்துகொண்டே உரக்கப் படித்தாள். "கல்வி, ஐந்தாம் வகுப்பு. அட்டை குத்துபவர். அனுபவம் இருபது ஆண்டுகள்."

"இருபது இல்ல" என்றாள் அம்மா. "உங்கப்பன் பொறந்த வருசம் ஆரம்பிச்சேன். உங்க அத்தை காலேஜ் சேர்ந்த வருசம் விட்டேன். நீயே கணக்குப் போட்டுக்க."

அவள் கணக்குப் போட்டாள். இருபத்து மூன்று என்று திருத்தினாள்.